வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு கொல்லன் பட்டறை

போன கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில், வர்ஜீனியாவிலிருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒருநாள் வில்லியம்ஸ்பர்க் கூட்டிப் போனான். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த ஊர். 1926-ல் ராக்ஃபெல்லர் பண உதவியோடு ஆரம்பித்து, பழைய ஊரை அப்படியே மீட்டு வைத்திருக்கிறார்கள்.

"அம்மா, டாமஹாக்!" என்று என் பதின்மூன்று வயதுப் பையன் ஒரு பட்டறைக்குள் ஓடினான். சினிமாவில் குறி பார்த்து எறிவார்களே, அந்தச் சின்னக் கோடரி! அமெரிக்க சுதந்திரப் போரின்போது ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் ஆயுதங்கள் பழுது பார்த்த இடமாம் அது.

தோல் துருத்தி, நிலக்கரி உலை. கொல்லர் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி இரண்டாக மடித்தார். மடிப்பில் காம்பு நுழையும் கண் வந்துவிட்டது. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு துண்டு எஃகை வைத்து, வெண்காரப் பொடி தூவி மறுபடி உலையில் வைத்தார். நம் பாகு பதம் மாதிரிதான்! சூடு குறைந்தால் ஒட்டாது, மிஞ்சினால் இரும்பே எரிந்துவிடும். வெளுத்துப் பொறி பறந்ததும் நாலே அடி, ஒன்றாகிவிட்டது. பிறகு தண்ணீரில் தோய்த்து, விளிம்பு வைக்கோல் நிறம் வருகிறவரை இளஞ்சூடு காட்டினார். இல்லாவிட்டால் வாய் உடைந்துவிடுமாம்.

'டாமஹாக்' இந்த மண்ணின் பூர்வகுடிகளான பௌஹாட்டன் மக்களின் சொல். இரும்புத் தலை ஐரோப்பியரோடு செய்த வியாபாரத்தில் வந்தது. சண்டைக்கு மட்டுமல்ல, விறகு பிளக்கவும் அதுதான்.

தம்பி ஒன்று சொன்னான். 1804-05 குளிர்காலத்தில் லூயிஸ், கிளார்க் பயணக் குழு மிசூரி நதிக்கரையில் தங்கியது. குழுவின் கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் கோடரி அடித்துக் கொடுக்க, அங்கிருந்த மாண்டன் மக்கள் மக்காச்சோளம் தந்தார்களாம். குழுவின் வயிறு நிரம்பியது அப்படித்தான்.

எனக்கு எங்கள் கிராமத்துக் கொல்லர் நினைவு வந்தது. அவருக்கும் களத்தில் நெல்தான் அளப்பார்கள், அதுவும் கடைசியாக. குழந்தைகள் நாங்கள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

"அம்மா, நானும் இந்த வேலை கத்துக்கட்டுமா?" என்றான் பையன்.

"முதல்ல கணக்குல மார்க் வாங்கு! கரி வேலைக்கா உன்னைப் படிக்க வைக்கிறோம்?" சட்டென்று வந்துவிட்டது. நல்லவேளை, கொல்லருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பையனுக்குத் தெரியுமே! வழியெல்லாம் அவன் பேசவில்லை. அன்றிரவு எனக்கும் தூக்கமில்லை.

ஊர் திரும்பியதும், மழுங்கிக் கிடந்த அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு அவனோடு கிராமத்துக்குப் போனேன். பாலியெஸ்டர் துணி பொறி பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பருத்திச் சட்டை போட்டுவிட்டேன். பழைய கொல்லர் இப்போது இல்லை, மகன்தான். "அண்ணே, இவன் கொஞ்சம் பக்கத்திலே நின்னு பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "தள்ளி நிக்கச் சொல்லும்மா, பொறி தெறிக்கும்" என்று சிரித்தார்.

அரிவாள்மணை இப்போது பூசணிக்காயைக்கூட வெண்ணெயாய் நறுக்குகிறது. கணக்கு மார்க்? அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது!