மழைக்குக் கட்டிய ஊர்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு ஐப்பசியில் யாரும் வருவதில்லை. மார்கழி, தை என்றால் தெருவுக்கு நாலு வேன் நிற்கும். வெளிநாட்டுக்காரர்கள் பழைய மாளிகைகளின் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காலத்தில் விடுதிகளில் பாதி அறை காலி, வாடகையும் குறைவு. அந்தக் குறைந்த வாடகைக்காகத்தான் நான் போனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விடுதியாக மாறிய அந்தப் பழைய வீட்டில் என்னைத் தவிர ஒரு பிரெஞ்சுத் தம்பதி, ஓய்வுபெற்ற வாத்தியார்கள். பாரிஸுக்குத் தெற்கே மோந்தார்ஜி என்ற சின்ன ஊர்க்காரர்கள். ஊர் முழுக்க வாய்க்கால். வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் தண்ணீர். 131 பாலம் என்று கணக்குச் சொன்னார் கணவர். லுவார் ஆற்றையும் சேன் ஆற்றையும் சேர்க்க வெட்டிய பிரியார் கால்வாய் 1642 முதல் அந்த ஊர் வழியாகத்தான் போகிறதாம். கைப்பேசியில் படம் காட்டினார்கள். பாலத்துக் கம்பியெல்லாம் பூந்தொட்டி. பார்த்து முடித்ததும் அந்த அம்மாள் கேட்டார்: “உங்கள் ஊரில் தண்ணீர் எங்கே இருக்கிறது?”

சிவகங்கைச் சீமையைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி. வற்றாத ஆறு ஒன்றுகூட இங்கே இல்லை. தேனாறு, பாம்பாறு, மணிமுத்தாறு என்று பேர்கள் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும்; ஆண்டில் பெரும்பாலான நாள் அவற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான். நான் விழித்துக்கொண்டிருந்தபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், “என்ன கேக்குறாக?” என்றார். சொன்னேன்.

“மழை வரட்டும், காட்டுவோம்னு சொல்லுங்க தம்பி.”

நாலு மணிக்கு மழை வந்தது. பெரியவர் எங்களை வளவுக்குக் கூப்பிட்டார். முகப்பைத் தாண்டியதும் வருகிற திறந்த முற்றம்தான் வளவு. நாலு பக்கக் கூரையும் உள்முகமாகச் சரிந்திருக்கும். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்ட கூரை. அதன் நாலு மூலையிலும் தண்ணீர் திரண்டு, தடித்த கயிறு மாதிரி இறங்கியது. பத்து நிமிடம் பெரியவர் சும்மா நின்றார். புறா எச்சமும் தூசியும் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார். அப்புறம் இரண்டு பித்தளை அண்டாக்களை இழுத்து மூலைக்கொன்றாக வைத்து, வாயில் வேட்டித் துணியைக் கட்டினார். செட்டிநாட்டுக் கல்யாணச் சீரில் இத்தனை அண்டாவும் கிடாரமும் எதற்கு என்று கேலி பேசியவன் நான். நிரம்பி வழிகிற அண்டாவைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். உப்பில்லாத தண்ணீர், பருப்பு சட்டென்று வேகும், காப்பி திரியாது.

அண்டாவுக்குப் போக மிஞ்சியது வளவின் தரைக் கல்லில் ஓட்டை போட்ட வாய்க்குள் இறங்கியது. “இப்ப உங்க காலுக்குக் கீழ ஓடுது” என்று பெரியவர் தரையைத் தட்டினார். அது தரைக்கடியிலேயே ஓடி இரண்டாம் கட்டு முற்றத்துத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்கிறது. கொஞ்சம் கொல்லைக் கிணற்றுக்கு, மீதி தெருவுக்கு. பிரெஞ்சுக்காரர் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்துக் கேட்டார். வாத்தியார் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று பட்டியல் போடுவார்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு வரைக்கும் வந்து நிறுத்திக்கொள்வார்கள். சாமான் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வது சுலபம். கூரை ஏன் உள்ளே சரிகிறது, படி ஏன் அவ்வளவு உயரம், ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடு ஏன் நீண்டுகிடக்கிறது என்று கேட்டால் பதிலில் எங்கேயாவது தண்ணீர் வந்து நிற்கும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் புறப்பட்டு வந்தவர்கள், அந்தப் பயத்தில்தான் மேட்டில் மனையை உயர்த்திக் கட்டினார்கள் என்பது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள், அதாவது நகரத்தார், சொல்லும் கதை. கடலுக்குப் பயந்து வந்தவர்கள் மழையைத் தேடவேண்டிய இடத்தில் குடியேறினார்கள். 2003இல் தமிழ்நாடு அரசு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இந்தத் தெருக்களில் பல வீடுகளுக்குப் புதிதாகச் செய்ய ஒன்றுமிருந்திருக்காது.

மழை குறைந்ததும் குடை பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். நூல் பிடித்த மாதிரி நேர்த்தெருக்கள். ஓரங்களில் வாய்க்கால், ஒவ்வொரு வீட்டின் அடியிலிருந்தும் ஒரு வாய் திறந்து அதில் ஊற்றுகிறது. செம்மண் நிறத் தண்ணீரைத் தொடர்ந்து போனால் அது ஊருணியில் கொண்டுபோய் விட்டது. ஊருணி என்றால் ஊர் உண்ணும் நீர். நாலு பக்கமும் செம்புறாங்கல் கரை, இறங்கப் படி. இங்கே மண்ணுக்கடியில் அந்தச் சிவப்புக் கல்தான். வெட்டிக் காற்றுப் பட வைத்தால் இறுகிவிடும். குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி. குடிநீர் ஊருணியில் காலை நனைக்கக் கூடாது, செருப்போடு கரை ஏறக் கூடாது. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து, தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கி வைத்தால் தெளியும்.

“இதற்கு யார் பணம் கொடுத்தார்கள்?” என்றார் பிரெஞ்சுக்காரர். அவருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்றேன். கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுக் கோயிலுக்குப் புள்ளிவரி வாங்குவது நகரத்தார் வழக்கம். புள்ளிகள் எல்லாம் கொண்டுவிற்கப் போன இடம் ரங்கூன், பினாங்கு, கொழும்பு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோன். சைகோனில் அவர்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கிறது. கடல் தாண்டி வந்த வட்டிப் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கரைக் கல்லாக ஆயிற்று. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் பணம் வரும் வழி அடைபட்டது. பெரிய வீடு கட்டுவது நின்றது. நாளடைவில் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விற்பனைக்கு வந்தன.

அந்த அம்மாள் இன்னொன்று கேட்டார்: “எல்லோரும் குடித்தார்களா?” மொழிபெயர்த்தேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. குடையை மடக்கி உதறிக்கொண்டிருந்தார். 1930களின் தொடக்கத்தில், இந்தப் பகுதி ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்தபோது, ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்டவர்களுக்கு விதித்த தடைகளின் பட்டியலை ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒன்று, அவர்கள் வீட்டுப் பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்குடம்தான். வளவில் வழிந்துகொண்டிருந்த பித்தளை அண்டாக்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. இந்த ஊர்களின் நீர் அறிவை மெச்சுகிற கட்டுரைகளில் இந்த வரியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஊருணி நிரம்பினால் மறுகால் பாயும். அது கண்மாய்க்குப் போகும்; கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு. இடையில் மடை வழியாக வயலுக்கு. கண்மாய்கள் செட்டியார்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. மன்னர் பேரிலும் ஊரார் பேரிலும் எத்தனையோ கை மண் சுமந்து உண்டாக்கியவை. நகரத்தார் செய்த கெட்டிக்காரத்தனம், வீட்டுக் கூரையைக் கொண்டுபோய் அந்தப் பழைய சங்கிலியில் மாட்டியது. ஓட்டில் விழுந்த துளி வளவு, தெரு, ஊருணி, கண்மாய், வயல் என்று போய் எஞ்சினால் பாம்பாற்றைத் தேடும். மோந்தார்ஜியில் வாய்க்காலுக்கு மேல் 131 பாலம் என்றால், இங்கே வாய்க்காலுக்கு மேல் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடிக்குப் போனோம். 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த மூன்று கண்மாய்கள். கருவேல மரத்தில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது, பறவை பயந்துவிடும் என்று. தீபாவளி அன்று அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பேட்டி எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வருடம் தவறாமல் வருகிறார்கள். பாவம், பிள்ளைகள்.

சங்கிலி பல இடத்தில் அறுந்துகிடப்பதையும் வழியிலேயே பார்த்தோம். வரத்துக்கால்மேல் மனைப்பிரிவுக் கல் நட்டிருந்தது. எங்கோ வாய்க்காலின் சிறுபாலம் மட்டும் நிற்கிறது, அதற்கு இரண்டு பக்கமும் வீடு. காரைக்குடி 1928இல் நகராட்சி ஆயிற்று, 2024இல் மாநகராட்சி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த காலத்திலிருந்து ஊர் பெருத்துக்கொண்டே இருக்கிறது. பெருத்த ஊரின் சாக்கடை எங்கே போகும்? பள்ளம் பார்த்துத்தான் போகும். பள்ளத்தில் இருப்பது ஊருணியும் கண்மாயும். இன்னொரு சிக்கல், பூட்டிய வீடு. வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வருகிறார்கள். ஒரு வீட்டின் தரையடி வாய்க்கால் அடைத்தால் அந்த வீட்டுச் சுவர் ஓதமேறும், தெருவுக்குத் தண்ணீர் வராது. தூர்வார ஆள் இல்லாததால் இடிந்த வீடு எத்தனை என்று பெரியவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு கை போதவில்லை.

ஆறுதலாகவும் ஒன்று உண்டு, அதுவும் பிரெஞ்சுத் தொடர்புதான். பக்கத்துக் கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்ற பெரிய வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் பழுதுபார்த்து விடுதியாக நடத்துகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அந்தக் குறிப்பில் மாளிகைகளோடு மழைநீர் போகும் பாதையும் சேர்ந்திருக்கிறது. நம் சுற்றுலாக் கையேடுகளில் இன்னும் தூண் படம்தான்.

வருவதானால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியில்தான் முடிகிறது. அங்கிருந்து கானாடுகாத்தான் பேருந்தில் அரை மணி. குடை கொண்டுவாருங்கள். தூணைப் பார்த்து முடித்ததும் வளவில் உட்கார்ந்து மழைக்குக் காத்திருங்கள். ஊருணிக் கரை ஏறும்போது செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள்.