கார் பேட்டரியும் பத்து மீட்டர் கம்பியும்

டிசம்பர் வந்தாலே எனக்கு பாரதி பிரசாத் நினைவுக்கு வந்துவிடுவார். 2004இல் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக் குழுவோடு டெல்லியிலிருந்து போர்ட் பிளேர் போயிருந்தார். அந்தமானிலிருந்து அமெச்சூர் வானொலி ஒலிப்பதே அபூர்வம் என்பதால் உலகெங்கும் உள்ள ஹாம்கள் அவரோடு பேசிவிடத் துடித்த நாட்கள் அவை. டிசம்பர் 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தது. சுனாமி வந்தது. தொலைபேசிகள் அடங்கின. ஆர்வத்துக்காகக் கொண்டுபோன அதே கருவிகள்தான் பிறகு தீவுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தன. ‘உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறார்’ என்ற ஒரு வரிக்காக எத்தனை வீடுகள் காத்துக்கிடந்திருக்கும்!

கைபேசிக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2015 வெள்ளத்தில் சென்னையிலிருந்த பெற்றோரோடு பேச முடியாமல் தவித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஹாம்கள் பயன்படுத்தும் சிற்றலைக்கோ நடுவில் எதுவும் தேவையில்லை. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவாக ஏறத்தாழ பத்து மீட்டர் கம்பி, அனுப்பவும் வாங்கவும் ஒரு டிரான்ஸீவர், ஒரு கார் பேட்டரி போதும். ஆனால் கருவி மட்டும் போதாது. இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பிழையில்லாமல் வாங்கி, அப்படியே கடத்தும் பழக்கம் வேண்டும். அது பேரிடர் நாளில் திடீரென்று வராது. ஊதியமில்லாமல் வாராவாரம் அலைவரிசையில் கூடிப் பயிற்சி எடுக்கும் ஹாம்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் மத்திய அரசின் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். கடலோர ஊர்களில் இருக்கும் ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.