இரண்டு வாசல்

செட்டிநாட்டு வீட்டின் முன்வாசலில் நின்றால் பின்வாசலுக்கு அந்தப் பக்கத் தெரு தெரியும். காரைக்குடியில் அப்படி நிற்கும்போதெல்லாம் எனக்கு டெல்லி நிஜாமுத்தீன் அவுலியா ஞாபகம்தான். அலாவுத்தீன் கில்ஜி பார்க்க வர விரும்பியபோது, தன் வீட்டுக்கு இரண்டு வாசல், சுல்தான் ஒன்றில் நுழைந்தால் தான் மற்றதில் போய்விடுவதாகச் சொன்னாராம்.

300 வருஷம் கழித்து வந்த ஷேக் அஹ்மத் சிர்ஹிந்தி வேறு ரகம். நக்ஷபந்தி சூஃபி. ஷரீஅத்தை நிலைநிறுத்தச் சொல்லி முகலாய அமீர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அரசன் திருந்தினால் ஊர் திருந்தும் என்பது கணக்கு. (ஜஹாங்கீர் 1619-ல் அவரைக் குவாலியர் கோட்டையில் அடைத்தது வேறு கதை.) அந்தக் கடிதங்களில் இந்துக்கள் மேல் காட்டும் கடுமை, ஆச்சி வீட்டுப் பலகாரம் தின்று வளர்ந்த எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

அத்தா நிஜாமுத்தீன் கட்சி. ஓட்டுக் கேட்டு யாராவது வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

போன மழையில் கபர்ஸ்தான் சுவர் விழுந்தது. அத்தாவின் அம்மா அங்கேதான் இருக்கிறார். அமைச்சருக்கு மனு எழுத என்னை உட்காரவைத்தார்கள். எழுதி நீட்டினேன். அத்தா வெகுநேரம் படித்தார்.

"மாண்புமிகுங்கறத மட்டும் எடுத்துருப்பா" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.