எதிரே நிற்கிற ஆள்

'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தைப் பற்றி யார் பேசினாலும் லட்சுமியில் தொடங்கி லட்சுமியில்தான் முடிப்பார்கள். தேசிய விருது வாங்கிய நடிப்பு, அதற்கு முழுத் தகுதியுள்ள நடிப்பு. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் நாடகம் போட்டு, தொலைக்காட்சித் தொடர்களில் தலைகாட்டி, வானொலி நாடகத்துக்குக் குரல் கொடுத்துவந்த ஒருவன் என்ற முறையில், அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் என் கண் ஸ்ரீகாந்த் மீதுதான் போய் நிற்கிறது. லட்சுமி நடித்த கங்காவின் எதிரே உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அந்தப் பிரபு மீது.

ஜெயகாந்தனின் நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், கதை கங்காவின் வாய்மொழியாகவே நகரும். அவள் மனத்தில் ஓடுவதெல்லாம் பக்கம் பக்கமாக நமக்குக் கிடைக்கிறது. பிரபுவை நாம் பார்ப்பது அவள் கண் வழியாகத்தான். அவன் உள்ளே என்ன ஓடுகிறது என்று நாவல் நேரடியாகத் தருவது மிகக் குறைவு. நாவலைப் படமாக்கும்போது கங்காவாக நடிப்பவருக்குக் கைநிறைய மூலப்பொருள் உண்டு. பிரபுவாக நடிப்பவர் எல்லாவற்றையும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். போதாததற்கு, அவன் செய்த காரியத்தை எந்தப் பார்வையாளரும் மன்னிக்கப் போவதில்லை. மழைக்கு ஒதுங்கி நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவள் வாழ்க்கையைச் சிதைத்தவன் அவன். 1966ல் இந்த நாவலுக்கு மூலமான 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த சர்ச்சை முழுவதும் அந்தப் பெண்ணையும் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிய தாயையும் சுற்றியே நடந்தது. காரில் வந்தவனைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

ஜெயகாந்தனே திரைக்கதை, வசனம் எழுத, பீம்சிங் இயக்கிய படம் 1977ல் வந்தது. அதில் ஸ்ரீகாந்த் நடிப்பது ஒரு பிரபு அல்ல, இரண்டு பிரபு. முதல் ஆள் பணக்கார வீட்டுப் பிள்ளை. கேட்டது கிடைக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் பழகாதவன். இரண்டாவது ஆள் பல வருடங்கள் கழித்துக் கங்கா தேடிப் பிடிக்கிற நடுவயதுக்காரன். மனைவி மதிப்பதில்லை, வளர்ந்த மகள் இருக்கிறாள், குடி இருக்கிறது, தன்னால் எதற்கும் பிரயோஜனமில்லை என்று அவனே நம்புகிறான். இந்த இடத்தில் பெரும்பாலான நடிகர்கள் கண்ணீருக்குப் போய்விடுவார்கள். 'பாருங்கள், நான் திருந்திவிட்டேன்' என்று பார்வையாளரிடம் ஒரு மனு போடுவார்கள். ஸ்ரீகாந்த் அந்த மனுவைப் போடவே இல்லை. கங்கா தான் யாரென்று அவனுக்குத் தெரியப்படுத்திய பிறகு அவர் கொண்டுவருவது துக்கத்தைவிட அதிகமாகக் கூச்சம். பெரிய மனிதர்கள் நடுவில் தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட ஒருவனின் கூச்சம். அந்தப் பழைய பணக்காரத்தனம் முற்றிலும் போய்விடவும் இல்லை. உடம்பில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவன்மேல் நமக்கு வருகிற இரக்கம் முழுமையடைவதில்லை. முழுமையடையக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இதை எழுதிக் காட்டுவதைவிட ஒத்திகையில் காட்டுவது எளிது. வேலை முடிந்து ஏழரை மணிக்குமேல்தான் எங்கள் நாடகக் குழு ஆட்கள் வந்து சேருவார்கள். சிலர் எம்ஆர்டியிலிருந்து நேராக, சிலர் தேக்காவில் சாப்பாடு பொட்டலம் வாங்கிக்கொண்டு. பயிற்சிக்காக நான் அடிக்கடி கொடுப்பது இப்படியொரு காட்சி: ஒருத்தி பழைய கணக்கைப் பேச வந்திருக்கிறாள், இவன் கேட்க வேண்டும், இவனுக்கு வசனம் கிடையாது. ஒருமுறை அதைச் செய்தது துடிப்பான ஒரு பையன், நல்ல குரல். அவள் ஒவ்வொரு வாக்கியம் சொல்லும்போதும் இவன் முகத்தில் ஒரு பதில் ஓடியது. புருவம் ஏறியது, தாடை இறுகியது, கடைசியில் கண் கலங்கியது. "தம்பி, அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன். "அண்ணே, அது வந்து..." என்று இழுத்தான். அவன் கேட்கவே இல்லை. கேட்பதுபோல நடித்துக்கொண்டிருந்தான். மறுபடி செய்யச் சொன்னேன். இந்த முறை ஒரே ஒரு நிபந்தனை: அவள் சட்டை நிறத்தையும் அவள் மூச்சு எங்கே நிற்கிறது என்பதையும் காட்சி முடிந்ததும் அவன் எனக்குச் சொல்ல வேண்டும். முகம் தானாக அடங்கியது. அவள் நடுவில் சற்று நின்றபோது இவன் கை தொடையிலிருந்து மெல்ல நழுவி நாற்காலி விளிம்பைப் பிடித்தது. அவனுக்கே தெரியாமல் நடந்தது அது. அறையில் இருந்த எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

ஸ்ரீகாந்த் படம் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான். லட்சுமியின் நடிப்பு அவ்வளவு உயரம் போவதற்கு, எதிரே நிற்கிற ஆள் உண்மையாகக் கேட்டதும் ஒரு காரணம். நாடகம் போடுகிற எவருக்கும் இது தெரியும். விருதுக் குழுக்கள் இதற்கென்று ஒரு பிரிவு வைத்ததில்லை.

லட்சுமியும் ஸ்ரீகாந்தும் சேர்ந்த இலக்கியப் படங்களை வரிசையாக வைத்தால்தான் ஸ்ரீகாந்தின் வீச்சு புரியும். 1974ல் ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம். ஸ்ரீகாந்த் அதில் வண்டி வைத்துப் பிழைக்கிற கிராமத்துக் கருப்பன். கள்ளுக்கடை மெல்ல மெல்ல அவனை விழுங்குகிறது. அடுத்தது 1977ன் பிரபு. மூன்றாவதாக 1978ல் மறுபடி ஜெயகாந்தன், மறுபடி பீம்சிங், 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'. அதில் ரங்கா என்ற பத்திரிகைக்காரன், நாடக விமர்சகன். ஏழை வண்டிக்காரன், சீரழிந்த பணக்காரன், படித்த நடுத்தர வர்க்கத்து விமர்சகன். நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று பேர்.

இதே 1974ல்தான் 'தங்கப்பதக்க'த்தில் சிவாஜிக்கு எதிராகத் திரும்புகிற மகனாக வந்து ஊர் முழுக்கத் திட்டு வாங்கினார். இதே 1978ல்தான் 'பைரவி'யில் ரஜினிகாந்துக்கு வில்லன். பத்து வருடம் பின்னால் போனால் 'எதிர்நீச்ச'லில் சௌகார் ஜானகியின் கணவர் கிட்டு மாமா. அந்தப் படத்தில் அவர் செய்கிற நகைச்சுவையையும் பிரபுவின் கூச்சத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே உடம்பா என்று வியப்பு வரும்.

அப்படியிருந்தும் ஏன் பெயர் நிற்கவில்லை? 1965ல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை'யில் ஜெயலலிதா, நிர்மலா, மூர்த்தி ஆகியோரோடு அறிமுகமானவர் அவர். நிர்மலாவுக்கும் மூர்த்திக்கும் படத்தின் பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. இவருக்கு அதுகூட இல்லை. நாயகனாகத் தொடங்கியவர் வில்லனாகவும் துணைப் பாத்திரமாகவும் மாறிமாறிப் போனதால், ரசிகர்கள் பிடித்துக்கொள்ள ஒரே முகம் கிடைக்கவில்லை. ஒரே முகம் இல்லாததுதான் அவர் சாமர்த்தியம். 2021 அக்டோபரில் அவர் காலமானபோது இரங்கல் செய்திகள் பலவும் 'ஜெயலலிதாவின் முதல் நாயகன்' என்றே தொடங்கின. எனக்கு அது வலித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பாலசந்தரின் நாடகங்களில் நடித்தவர். பாலசந்தர் கணக்காயர் அலுவலகத்திலும் நாகேஷ் ரயில்வேயிலும் இருந்த காலம் அது. பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை. அந்தப் பள்ளியில் வந்தவர்களுக்கு அலுவலக மனிதன் எப்படி உட்காருவான், மேலதிகாரி முன் குரல் எப்படித் தாழும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூர்த் தமிழ் மேடையில் இருக்கிற ஏறக்குறைய எல்லோரும் இன்றும் அப்படித்தான் வாழ்கிறோம். ஆசிரியர், தாதி, கணினிப் பொறியாளர், பேருந்து ஓட்டுநர். முழுநேர நடிகராக முடியவில்லையே என்று ஏங்குகிற இளையவர்களிடம், பகல் முழுக்க நீ பார்க்கிற மனிதர்களே உன் பாடப்புத்தகம் என்று நான் சொல்வதற்கு ஸ்ரீகாந்த் ஒரு நல்ல சாட்சி.

பிரபுவுக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டேன். ஆனால் நடிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு ரங்கா இன்னும் கடினமான பாடம். கல்யாணி மேடை நடிகை. அவளை மணக்கிற ரங்கா மனைவியை இழந்தவன், நாடகத்தை எடைபோட்டு எழுதுகிறவன். தான் எதிர்பார்க்கிற விதத்தில் அவள் தன்னை நேசிக்கவில்லை என்று அவனுக்குக் குறை. விவாகரத்து வரை போகிறான். பிறகு அவள் கால்கள் செயலற்றுப்போகும்போது திரும்பி வருகிறான். இதில் அவன் நியாயவாதியாகவும் தெரிய வேண்டும், சின்னத்தனமாகவும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் படம் விழுந்துவிடும். ஸ்ரீகாந்த் தேர்ந்தெடுக்கவில்லை. ரங்கா கல்யாணியிடம் வாதம் செய்யும்போது அவன் சொல்வது சரிதானே என்று தோன்றும். சொல்கிற தொனியில் ஒரு குழந்தையின் பிடிவாதம் தெரியும்.

எங்கள் குழுவில் அடுத்த பயிற்சிக்கு ரங்காவைத்தான் எடுக்கப்போகிறோம். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலை முதலில் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், படத்தை அதற்குப் பிறகுதான் போட்டுக்காட்டுவேன். நாவலில் ரங்காவுக்கு எத்தனை பக்கம் இருக்கிறது, திரையில் அவற்றில் எதையெல்லாம் ஸ்ரீகாந்த் பேசாமலே கொண்டுவந்திருக்கிறார் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதிக்கொண்டு வர வேண்டும். அதை வைத்துத்தான் ஒத்திகை தொடங்கும்.