தோற்றவருக்கு ஏன் இத்தனை மரியாதை?

சிவகங்கையில் பஸ் ஏறித் தொண்டிச் சாலையில் 18 கிலோமீட்டர் போனால் காளையார்கோவில். ஊர் வருவதற்கு வெகு முன்னாலேயே கோபுரம் வந்துவிடுகிறது! வெட்டவெளிக்கும் கருவேல மரங்களுக்கும் மேலே, "வாருங்கள், வாருங்கள்" என்று கூப்பிடுகிற மாதிரி நிற்கிறது. கிட்டப் போனால் ஒன்றல்ல, இரண்டு கோபுரங்கள். சின்னது பழையது. 150 அடிக்கு மேல் ஓங்கி நிற்கிற பெரியது மருது சகோதரர்கள் கட்டியது.

என்னோடு அக்கா மகனும் வந்திருந்தான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பதினைந்து வயது. விடுமுறைக்கு வந்தவனை, "ஊர் உலகம் பார்க்கட்டும்" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள்.

கோவிலுக்குள் அவன் சமர்த்தாகத்தான் இருந்தான். மூன்று சுவாமிகள், மூன்று அம்பாள்கள் என்றதும் விரல்விட்டு எண்ணிக்கொண்டான். சோமேசர், சொர்ணகாளீசர், சுந்தரேசர். சௌந்தரநாயகி, சொர்ணவல்லி, மீனாட்சி. சங்க காலத்தில் இந்த ஊருக்குக் கானப்பேர் என்று பெயர், சுந்தரர் பாடிய தலம் என்றெல்லாம் நான் சொன்னதற்கும் தலையை ஆட்டினான்.

வம்பு வந்தது கோவிலுக்கு எதிரே, மருது சகோதரர்களின் சமாதியில்தான்.

"இவர்கள் ஜெயித்தார்களா, சித்தி?"

"இல்லையப்பா. 1801-ல் கம்பெனிப் படையிடம் தோற்றார்கள். அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள்."

"தோற்றவர்களுக்கு எதற்கு இத்தனை மரியாதை?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பையன் துடுக்காகக் கேட்கவில்லை. அவர்கள் ஊரில் கால்பந்து என்று ஓர் ஆட்டம். பெயர்தான் கால்பந்து, ஆடுவதெல்லாம் பெரும்பாலும் கையால்! அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர். களத்தைக் கண்ணால் அளந்து, யாருக்குப் பந்தை எறிவது என்று ஒரு நொடியில் தீர்மானிக்கும் தளபதி. மகத்தான ஆட்டக்காரர்களுக்கென்று ஒஹையோ மாகாணத்துக் காண்டன் நகரில் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. டான் மரினோ என்பவர் மிக நன்றாக எறிவாராம். ஆனால் கடைசிக் கோப்பையை ஒரு தடவைகூட வாங்கவில்லை. இருந்தும் 2005-ல் அவருக்கு மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். "கோப்பை வாங்காதவருக்கு இடம் கொடுக்கலாமா? பள்ளிக்கூடத்தில் இதற்காக எனக்கும் என் சிநேகிதர்களுக்கும் பெரிய சண்டை!" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் சின்ன மருதுவும் எறிவதில் மன்னர்தான். பந்து அல்ல, வளரி!

இருவரும் நிழலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நீங்களும் கூடவே பாருங்கள்.

1772-ல் இதே காளையார்கோவிலில் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து தாக்கியதில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் உயிரிழந்தார். ராணி வேலு நாச்சியாரையும் சிறு பெண் வெள்ளச்சியையும் பத்திரமாக விருப்பாச்சிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் மருது சகோதரர்கள். எட்டு வருஷம் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் ராணி சிவகங்கையை மீட்டபோது படை நடத்தியவர்களும் அவர்களே. ஆக, ஒரு வெற்றி உண்டு.

1801-ல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்ததும் ஊமைத்துரை ஓடி வந்து அடைக்கலம் கேட்டார். கொடுத்தால் கம்பெனியின் பகை நிச்சயம். சின்ன மருது கொடுத்தார். ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் அவருடைய அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் ஒன்றுகூடி வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று அழைத்த அறிக்கை அது. காளையார்கோவிலைச் சுற்றி அப்போது அடர்ந்த காடு. அதை வெட்டி வழி உண்டாக்கக் கம்பெனிப் படை ஒரு மாதத்துக்கு மேல் பாடுபட்டும் முடியாமல் திரும்பியது. மறுபடி பல திசைகளிலிருந்தும் வந்துதான் அக்டோபர் மாத ஆரம்பத்தில் கோவிலைப் பிடித்தது.

"எதிர்க்கட்சியையும் சொல்லுங்கள், சித்தி" என்றான் பையன். நியாயம்தானே? சகோதரர்கள் அரச வம்சத்தினர் அல்லர். எல்லோரும் அவர்களை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கம்பெனி படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்ததும் ஜனங்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் சாய்ந்தது. சரணடையாவிட்டால் கோபுரத்தைத் தகர்ப்போம் என்று மிரட்டியதால்தான் சகோதரர்கள் பிடிபட்டார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. கதை எப்படியானாலும் முடிவு தோல்விதான்.

"அப்படியானால் யார் தீர்ப்புச் சொல்வது?" என்றான்.

"எதிராளியைக் கேட்போம்" என்றேன்.

கர்னல் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-ல் தம் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். இளம் வயதில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது! வாசலில் காவல் இல்லாமல், யார் வேண்டுமானாலும் வந்து போகும் வீட்டில் அவர் வாழ்ந்தார் என்று வெல்ஷ் எழுதுகிறார். பிறகு அதே வெல்ஷ் அதே மனிதருக்கு எதிராகப் போருக்கு வந்தார். வென்றவர் எழுதிய புத்தகத்தில் தோற்றவருக்கு இத்தனை நல்ல வார்த்தை கிடைப்பது லேசான காரியமா?

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியைத் தூக்கிலிடவில்லை; கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது அந்தப் பையன் அவர் முன்னால் வந்து நின்றான். வாடி, மெலிந்து, அடையாளமே தெரியாதபடி.

"நாடு கடத்தியபோது அவனுக்கு என்ன வயது?"

"பதினைந்து."

அதற்கப்புறம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சமாதிக்கு அருகே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தான்.

இன்னொரு கணக்கு, நம் பெண்களுக்காக. சகோதரர்களின் தபால்தலை 2004-ல் வெளியாயிற்று. தோற்ற தளபதிகளுக்கு முதலில். நாட்டை மீட்டு ஜெயித்த வேலு நாச்சியாருக்கு? நான்கு வருஷம் கழித்து, 2008-ல்! சிவகங்கையில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது 2014-ல். ஆகவே ஜெயித்தால் மட்டும் இடம் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். வீட்டில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவர்கள் நாம்தானே? அந்த வேலையில் பாதி நம்முடையது.

பஸ்ஸில் திரும்பும்போது பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டே வந்தான். "இன்னும் தெரிகிறது, சித்தி" என்றான் இரண்டு முறை. மூன்றாவது முறை கேட்டேன்: "சரி, உன் சிநேகிதர்களிடம் என்ன சொல்லப் போகிறாய்? அந்த ஆட்டக்காரருக்கு இடம் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம். ஆனால் அவரிடம் தோற்றவர்களையும், அவரைத் தோற்கடித்தவர்களையும் கேட்டுவிட்டு" என்றான்.

காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் செட்டிநாட்டு வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கிக் காளையார்கோவிலுக்கும் போய் வாருங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.