கட்டத்துக்குள் அடங்காத பெயர்

தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒரு பெயரும் ஓர் இனிஷியலும் போதும். மும்பைக்கு அது போதாது. பள்ளிக்கூடச் சேர்க்கையிலிருந்து காஸ் இணைப்பு வரை இங்கே மூன்று கேட்பார்கள்: சொந்தப் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். மராத்தியருக்கும் குஜராத்தியருக்கும் இது மூச்சு விடுவது போல இயல்பானது. நமக்கு அப்படி இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதைக் கைவிடச் சொன்னது. தமிழர்களில் பெரும்பாலோர் மெல்ல மெல்லக் கைவிட்டோம். பம்பாய்க்கு ரயிலேறியவர்களை அந்த மூன்றாவது கட்டம் இங்கே காத்திருந்து பிடித்துக்கொண்டது. மாட்டுங்காவில் சிலர் உதறிய பட்டத்தையே மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சிலர் ஊர்ப் பெயரை எழுதினார்கள். தாராவியில் பலர் அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள்.

காகிதப் படிவத்தின் காலத்தில் இது சங்கடம்தான், ஆபத்து அல்ல. கவுன்டருக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். "மதராசியா? சரி, அங்கே ஒரு கோடு போடு" என்று சலித்துக்கொண்டாவது வழிவிடுவார். கவுன்டர் போய் இப்போது அங்கே வெப்சைட் இருக்கிறது. கோடு போட்டால் அது ஏற்பதில்லை.

தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு இந்த நகரத்துக்கு வந்தவள் நான். செய்தி மொழிபெயர்ப்பு என் தொழில். சில ஆண்டுகளாக அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது: வெப்சைட்டுகளின் பொத்தான்களைத் தமிழாக்குவது. வாக்கியமாக எதுவும் வராது, உதிரிச் சொற்களாக வரும். 'புக்' என்றால் புத்தகமா, முன்பதிவா? 'ஹோம்' என்றால் வீடா, முகப்பா? கேட்டுத்தான் எழுத வேண்டும். என் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் செம்பூரில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் கட்டும் ஓர் இளைஞர். திருநெல்வேலிக் குடும்பம், பிறந்தது இங்கே. தமிழ் சரளமாகப் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

ஒருமுறை 'லாஸ்ட் நேம்' வந்தது. 'கடைசிப் பெயர்' என்று எழுதினால் சிரிப்பார்கள். 'குடும்பப் பெயர்' என்று எழுதினால், தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும் தமிழருக்கு இல்லாத ஒன்றைக் கேட்டதாகும்.

"இந்தக் கட்டம் எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"டிசைன்லயே இருக்குக்கா. கிளையன்ட் கொடுத்தது."

"காலியா விட்டா?"

"சிவப்பு எழுத்துல திட்டும்."

"இனிஷியல் மட்டும் போட்டா?"

"குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. தாராவி 90 அடிச் சாலைக்குப் பின்னால் குடியிருக்கும் ஓர் அம்மா நினைவுக்கு வந்தார். விடியுமுன் இட்லி அவித்து விற்பவர். அவருக்குச் சில சமயம் படிவங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ரேஷன் கார்டில் அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். பான் கார்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயர். மூன்றும் அவர் சொன்னபடி எழுதப்பட்டவையே, எதுவும் பொய் அல்ல. ஆனால் காப்பீட்டுக்காக நாங்கள் திறந்த ஒரு வெப்சைட், 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. "நான் ஒருத்திதானே, தாயி?" என்று கேட்டார். கம்ப்யூட்டரின் கணக்கில் அவர் மூன்று பேர்.

இது வெறும் காப்பீட்டோடு போகிற விஷயமல்ல. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக் காகிதங்களில் ஒரே மனுஷியின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது தலைக்கு மேல் கூரை சம்பந்தப்பட்ட கேள்வி.

பெயர் எத்தனை துண்டு என்பது ஒரு சிக்கல் என்றால், தமிழில் எழுதினால் அது எத்தனை எழுத்து என்பது அடுத்த சிக்கல். 'மாட்டுங்கா' என்பதில் நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பத்து. 'செம்பூர்' நமக்கு நான்கு, அதற்கு எட்டு. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 1991-இல் வந்த யூனிகோட், நம் அரசின் இஸ்கி முறையை ஒட்டித் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. அதில் 'க' ஓர் எழுத்து. அதன் மேல் புள்ளி சேர்த்தால் 'க்'. நாங்கள் வகுப்பில் படித்த இலக்கணம் நேர்மாறானது: மெய்தான் முதல், 'க்'குடன் 'அ' சேர்ந்தால் 'க'. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபோது, அப்படித் தனி இடம் தரும் 'டேஸ்-16' முறையையும் சேர்த்தே அறிவித்தது. ஆனால் உலகம் முழுக்க வெப்சைட்டுகளில் நிலைத்தது யூனிகோட்தான்.

நிலைத்ததில் எனக்கு வருத்தமில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று, மும்பையைத் தலைமையகமாகக் கொண்ட வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை வெப்சைட்டில் ஏற்றிக் காட்டினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபான்ட், ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு குறியீடு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று தரம் வகுத்துப் பார்த்தது. அந்தக் குழப்பத்திலிருந்து ஒரே குறியீட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். இன்று எந்த போனிலும் தமிழ் தெரிகிறது.

தெரிகிறது, சரி. உள்ளே போகிறதா? 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒன்பது எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பதினாறு. பெயருக்குப் பதினைந்து இடம் போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தால், கடைசிப் புள்ளி வெளியே விழுந்துவிடும். அவர் 'மீனாட்சிசுந்தரம' ஆகிவிடுவார். சில கட்டங்களில் 'எழுத்துகள் மட்டும்' என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். யூனிகோடில் காலும் புள்ளியும் 'எழுத்து' வகை அல்ல, 'குறி' வகை. ஆகவே 'கமல' உள்ளே போவார். 'கமலா' வாசலிலேயே நிற்பார்.

ஓலையில் எழுதிய காலத்திலும் புள்ளி வைக்கவில்லை. துளை விழுந்து ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். ஆனால் ஓலையைப் படித்தவர் தமிழ் அறிந்தவர், இடம் பார்த்துப் புள்ளியைத் தாமே இட்டுக்கொண்டார். பெயரை ஒப்பிடும் கம்ப்யூட்டர் அப்படி இட்டுக்கொள்ளாது. அதற்கு 'ம'வும் 'ம்'மும் வேறு வேறு ஆட்கள்.

இதற்கெல்லாம் மருந்து இல்லாமல் இல்லை. வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பெயரைத் துண்டு போடுவது அவசியமா என்று முதலில் யோசியுங்கள், முடிந்தால் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள் என்று எப்போதோ சொல்லிவிட்டது. தமிழை நம்மைப் போலவே எழுத்தெழுத்தாக எண்ணும் வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. 2024 முதல் முக்கியமான பிரௌசர்கள் எல்லாவற்றிலும் அது வேலை செய்கிறது. கருவி இருக்கிறது. கட்டம் வரைகிறவருக்கு மூன்று பகுதிப் பெயர்தான் உலக வழக்கம் என்ற நினைப்பும் இருக்கிறது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு 'எஃப்.என்.யு.' என்று முன்னால் போடுகிறார்கள். 'முதல் பெயர் தெரியாது' என்று பொருள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் கண்முன்னே இருக்கும்போதே 'தெரியாது'!

செம்பூர் இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேன். தாராவி அம்மாவின் மூன்று பெயர்களையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா பாஸ்போர்ட்லயும் இதே கதைதான்க்கா. அதை நான் இதோட சேர்த்து யோசிச்சதே இல்ல" என்றார். கிளையன்ட்டிடம் பேசினார். மூன்று வாரம் கழித்துச் சம்மதம் வந்தது. இப்போது அந்தப் பக்கத்தில் 'பெயர்' என்று ஒரே கட்டம், இனிஷியலோடு எழுதலாம். புள்ளியும் விழாது. எனக்கு மொழிபெயர்க்க ஒரு சொல் குறைந்தது, அதற்கான கூலியும் குறைந்தது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். பின்னாலிருக்கும் பழைய டேட்டாபேஸ் இன்னமும் குடும்பப் பெயர் கேட்கிறதாம். அதை மாற்றச் செலவு ஆகும் என்று கிளையன்ட் மறுத்துவிட்டார். "அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஒரு புள்ளி வெச்சிருக்கேன்க்கா" என்றார்.

அந்தப் புள்ளி என்றைக்காவது யாருடைய சான்றிதழிலாவது அச்சாகி வரும். அப்போது அந்த அலுவலகத்தில், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும்.