நான் எழுதாமல் விட்ட சிரிப்பு

ஈரானியப் படம் என்றால் துயரம்தான் என்று நான் பல ஆண்டுகள் நம்பினேன், மற்றவர்களையும் நம்பவைத்தேன். எங்கள் பக்கத்து இளைஞர்களுக்குப் படம் போட்டுக்காட்டும்போது மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’ போடுவேன். தாரியூஷ் மெஹர்ஜூயி 1969இல் எடுத்த ‘பசு’வைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். அதே மெஹர்ஜூயி 1987இல் எடுத்த ‘வாடகைக்காரர்கள்’ என்ற நகைச்சுவைப் படத்தை ஒருதரமும் போடவில்லை. இடிந்து விழப்போகும் ஒரு மாடிவீடும் அதில் குடியிருப்பவர்களின் சண்டையும்தான் கதை. ஈராக்குடன் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஈரானியர் அதைத் திரண்டு போய்ப் பார்த்துச் சிரித்தார்கள். போருக்குள் இருப்பவர்கள் இப்படிச் சிரிப்பார்களா என்று எனக்கு மனம் கசந்தது.

முள்ளிவாய்க்காலில் பிறந்த நான் அப்படி நினைத்ததுதான் என் குற்றம். நாங்களும் சிரித்தவர்கள்.

1990இலிருந்து 2002 வரை எங்கள் பகுதிக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு விளக்கெரித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பாடும். பிபிசி தமிழோசை முடியுமட்டும் சுற்றுகிறவன் கை ஓயக்கூடாது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் சில துளி பெற்றோலில் பற்றவைத்து, சூடேறிய பிறகு மாற்றிவிடுவார்கள். இந்த வித்தைகளெல்லாம் சைக்கிள் கடைகளிலும் ரேடியோ திருத்துமிடங்களிலும் பிறந்தவை.

எங்கள் ஊரிலும் அப்படி ஓர் அண்ணன் இருந்தார். கையில் காசு தங்காது. கிடைத்ததெல்லாம் அடுத்த பரிசோதனைக்குப் போய்விடும். தான் விரும்பிய அக்காவின் வீட்டுக்கு, எந்தக் காற்றுக்கும் அணையாத விளக்கென்று ஒன்றைச் செய்து கொண்டுபோனார். அது உண்மையிலேயே அணையவில்லை. திண்ணைத் தட்டியையும் பிடித்துக்கொண்டது. அக்காவின் அப்பா வாளியோடு ஓடிவந்தார். அடுத்த கிழமையே அண்ணன் கிடுகு பின்னிக்கொண்டு வந்து, தட்டியைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். அக்கா அவரோடு முதன்முதலாகக் கதைத்தது அந்தத் தட்டி கட்டிய நாட்களில்தான்.

2009 மே மாதம், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணல்துண்டில் அண்ணன் செல்லடியில் இறந்தார். அதை எழுதினேன். மே வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழுதினேன். விளக்கையும் தட்டியையும் எழுதவில்லை. சிரிப்பைச் சொன்னால் எங்கள் இழப்பை உலகம் குறைத்துப் பார்க்கும் என்ற பயம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. துயரத்தை எழுதியதால் கிடைத்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பது மற்றப் பாதி. வாசித்துவிட்டு அழுதோம் என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் அவருடைய கடைசி நாளாகச் சுருக்கிவிட்டேன்.

அக்கா வாசித்தா. “தம்பி, நீ எழுதினதில அவர் செத்தது மட்டும்தான் கிடக்கு. அவர் எங்க?” என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை. அப்பா போகும்போது அண்ணன், அக்காவின் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். என் கட்டுரைகளை வாசித்துத்தான் அவரை அறிந்தார்கள். அவர்கள் கையில் நான் கொடுத்தது அவருடைய சாவை மட்டும்.

இப்போது அக்காவோடு இருந்து கேட்டு எழுதுகிறேன். சொல்லச் சொல்லச் சிரிக்கிறா, இடையில் அழுகிறா, பிறகும் சிரிக்கிறா. எதையும் வெட்டவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஒரு திருத்தம் சொன்னா. இரணைப்பாலையில் மோட்டார் சைக்கிள் நின்றுபோன அன்று தள்ளிக்கொண்டு வந்தது அவர் இல்லையாம், தானாம். அவர் கழற்றிய கார்பரேட்டரைக் கையில் பிடித்தபடி, ஏன் நின்றது என்று விளக்கம் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்தாராம்.